மூன்று வாரம் நீண்ட டீ இடைவேளை

சங்கத்தின் புதிய விதிமுறைப் புத்தகம் அச்சாகி வந்த அன்று, அங்கே தொண்டு செய்ய வரும் கல்லூரிப் பெண்கள் அதைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்தார்களாம். அவர்களில் ஒருத்தி எனக்குப் போன் போட்டாள். “கலா மேடம், ‘ராஜினாமாக் கடிதம் வெறும் காகிதமாக இருக்க வேண்டும், லேமினேட் செய்திருக்கக் கூடாது’ன்னு ஒரு விதி இருக்குது. இத எந்தப் புண்ணியவான் எழுதினது?” எழுதியது நான் இல்லை. ஆனால் அப்படி ஒரு விதியை எழுத வைத்த கூத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான்தான். போனில் சொல்லி மாளாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சங்கத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘இரவல் சங்கம்’ என்றால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். சக்கர நாற்காலி, வாக்கர், தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கட்டில், ஆக்சிஜன் மெஷின் என்று நோயாளி வீட்டுக்கு வேண்டியதை இரவல் கொடுப்போம். தேவை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். தேவை எப்படி முடிந்தது என்று நாங்கள் கேட்பதில்லை, கொண்டுவருகிறவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அங்கே எல்லாரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்தி.

மில் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மில்லை மூடினார்கள், இங்கே வந்து சேர்ந்தேன். நாற்காலிக்கு பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதும், ஆக்சிஜன் மெஷினின் தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதும் ஒரு மாதத்தில் கைவந்துவிட்டன. எங்கள் தலைவரைப் புரிந்துகொள்ளத்தான் வருஷக்கணக்கில் ஆயிற்று.

தலைவர் முசே அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம், முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. சங்கத்தைத் தொடங்கியவரே அவர்தான். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வருவார். சக்கர நாற்காலிகளை வாசலில் வரிசையாக நிறுத்தச் சொல்வார். ராணுவ அணிவகுப்பைப் பார்வையிடுகிற மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் சக்கரத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார். ஏதாவது ஒன்று வரிசையைவிட்டு அரை அடி முன்னால் இருந்தால், “அலோர், மதாம் கலா, இவரு எங்க போறாரு?” என்பார். நாற்காலியைத்தான் அப்படிக் கேட்பார். அவர் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் முதலில் ஒரு ‘அலோர்’ வரும், பிரெஞ்சில் ‘ஆக’ என்கிற மாதிரி. அதற்குப் பிறகு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக்சிஜன் மெஷினுக்கு மட்டும் மூன்று கையெழுத்து வேண்டும் என்று அவர் விதி வைத்திருந்தார். பொருளாளர், நான், கடைசியாகத் தலைவர். அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் வேலையில் இருந்தவர் இரக்கப்பட்டு யாருக்கோ ஒரு மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அது பிள்ளைச்சாவடியில் ஒரு இறால் தொட்டிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இறால்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன என்று முசே சொல்வார். அந்த ஊழியரின் வேலை அன்றோடு போயிற்று.

இனி வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். ஆண்டறிக்கை வாசித்து முடிந்ததும் முசே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கால்சட்டைப் பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுப்பார். வயதாகிவிட்டது, இளையவர்களுக்கு வழிவிடுகிறேன் என்று படிப்பார். உடனே துணைத் தலைவர் காதர் பாய் எழுந்து, “முசே, எங்கள அநாதையா வுட்டுட்டுப் போவாதீங்க” என்று குரல் தழுதழுக்கக் கேட்பார். அடுத்துப் பொருளாளர் நடராசன் சார் எழுந்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். முசே இரண்டு முறை மறுப்பார். மூன்றாவது முறை, “அலோர், உங்க அன்புக்குக் கட்டுப்படுறேன்” என்று கடிதத்தைப் பைக்குள் வைத்துவிடுவார். கடிதம் வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போன் செய்வது என் வேலை. இவர்கள் அழுது முடிப்பதற்கும் டீயும் சமோசாவும் வந்து இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.

வருஷா வருஷம் அதே கடிதம்தான். மடிப்பில் கிழிய ஆரம்பித்தது என்று அதை லேமினேட் செய்துகொண்டார். அதில் யாரும் ஒரு தப்பும் காணவில்லை. காதர் பாய் பாத்திரக் கடை வைத்திருப்பவர், நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும். கூட்டத்துக்கு முதல் நாள் மட்டும் கடையில் பேசவே மாட்டார், தழுதழுப்பதற்குக் குரல் வேண்டுமே.

அந்த வருஷம் வசந்தா சிஸ்டர் புதிதாகச் சேர்ந்திருந்தார். தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் ஒருவர் டியூட்டி முடிந்து போகிறேன் என்றால் அடுத்தவர் சார்ஜ் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அங்கே யாரும் யாரையும் போகாதே என்று அழுவதில்லை. முசே கடிதத்தைப் படித்து முடித்தார். காதர் பாய்க்கு மூட்டுவலி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழ முடிந்தது. அதற்குள் சிஸ்டர் எழுந்துவிட்டார்.

“ஐயா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். எத்தினி வருஷம் உழைச்சிருக்காரு. பாவம், அவருக்கு ஓய்வு குடுக்கணும். ராஜினாமாவ ஏத்துக்குவோம், எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க” என்று தாமே தட்ட ஆரம்பித்தார்.

பின்வரிசையில் இருந்தவர்கள் புதுசு, ஏதோ பாராட்டு விழா என்று தட்டினார்கள். அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் முழுசாக எழுந்து நின்றார். பாயே எழுந்துவிட்டாரே என்று கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. நடராசன் சார் வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார், துடைப்பதா தட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. முசே இரண்டு முறை மறுப்பதற்காக வாயைத் திறந்தே வைத்திருந்தார். மறுப்பதற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டர் அவர் கையிலிருந்து கடிதத்தை மரியாதையாக வாங்கி, “ஃபைல்ல வைங்க மேடம்” என்று என்னிடம் நீட்டினார். துளை போடும் மெஷினில் வைத்து அழுத்தினேன், லேமினேஷனில் துளை விழவில்லை. டீ வந்துவிட்டது. முசே டீ குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து சங்கத்தில் தலைவர் இல்லை. யாராவது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால், முசேவைக் கவிழ்த்தது அவர்தான் என்று ஆகிவிடும். அதனால் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த நாற்காலி இருந்த பக்கமே திரும்பவில்லை. ஆளுக்கு ஒரு சாயங்காலம் ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி முசே வீட்டுக்குப் போனார்கள். அவர் மெடல்கள் மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து, “நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வசந்தா சிஸ்டர் மட்டும் தினமும் வந்து, “யாரு சார்ஜ் எடுத்திருக்கா?” என்று கேட்டார். நீங்களே எடுங்களேன் என்றேன். “நான் உக்காந்தா அதுக்குத்தான் கை தட்டினேன்னு சொல்லிடுவாங்க மேடம்” என்றார். அதுவும் வாஸ்தவம்.

அஞ்சலை வந்தது இந்தக் கூத்துக்கு நடுவில்தான்.

நெல்லித்தோப்பில் குடியிருப்பவள். புருஷன் தனகோடி, மில்லில் பஞ்சுத் தூசிக்குள்ளேயே பாதி ஆயுசைக் கழித்தவர், நுரையீரல் கெட்டுப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். முன்பே எங்களிடம் ஒரு வாக்கர் வாங்கிப் போயிருந்தார்கள். இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் ஆக்சிஜன் மெஷினுக்கு ஏற்பாடு செய்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு மெஷின் எடுக்கிற நிலைமை அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

“சோறு வெச்சா வாயத் தெறக்க மாட்டேங்குது யக்கா. வூட்டுக்குப் போலாம், வூட்டுக்குப் போலாம்னு அதே பேச்சு. எனுக்கு அத வூட்டுக்குக் கூட்டியாந்துட்டாப் போதும்” என்றாள்.

மெஷின் உள்ளே தயாராக இருந்தது. பழுதாகிவிடக் கூடாது என்று தினமும் காலையில் நான் அதைப் போட்டுப் பார்ப்பேன். யாருக்கும் இல்லாமல் அது பாட்டுக்குக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

நடராசன் சார் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். மூன்றாவதுக்குக் காதர் பாயிடம் போனேன். தலைவர் ஊரில் இல்லாதபோது துணைத் தலைவர் கையெழுத்துப் போடலாம். முசே பிள்ளைகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்சுக்குப் போவார் என்பதால் வைத்த விதி அது.

“ஊர்ல இல்லாத தலைவருக்கு பதிலாப் போடலாம் கலாம்மா. இல்லவே இல்லாத தலைவருக்கு பதிலா எப்படிப் போடுறது?” என்றார் பாய். நடராசன் சாரும் யோசித்துப் பார்த்து, பாய் சொல்வது சட்டப்படி சரி என்றார். முனிசிபாலிட்டி ஆபீசில் காலம் தள்ளியவர், அவருக்கு இந்த மாதிரிச் சிக்கல் என்றால் தனிக் குஷி. “முசே ஒரு மாசம் பிரான்சுக்குப் போயிட்டு வந்தா?” என்று பாய் கேட்டார். “அவரு இப்ப தலைவர் இல்லியே பாய், போனா வெறும் அந்துவான்தான் போவாரு” என்றார் நடராசன் சார். இரண்டு பெரிய மனுஷர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று இதை முக்கால் மணி நேரம் பேசினார்கள். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நீ தூக்கிக்கினு போ. என் வேலை போனாப் போவட்டும்” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. “ஒன் வேலயத் துன்னுட்டு அது மூச்சு வுடணுமா? வேணாம் யக்கா. மொறையா வரட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகு நான் நேராக முசே வீட்டுக்குப் போனேன், பழம் எதுவும் வாங்கவில்லை. ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன். முடியாது என்றார். “அலோர், இப்ப நான் யாரு மதாம் கலா? பதவியில இல்லாதவன் கையெழுத்துப் போட்டா அது போர்ஜரி.” நான் எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார். “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சுதுன்னு நான் சொல்லலை. தலைவர் முடிச்சு வெக்காத கூட்டம் முடிஞ்ச கூட்டம் இல்ல. நீங்க எல்லாம் இப்ப டீ இடைவேளையில இருக்கீங்க.”

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கூட்டத்தைத் தொடருங்கள், விட்ட இடத்திலிருந்து அழுங்கள், நான் வந்துவிடுகிறேன். எனக்கும் அதுதான் வேண்டும், அஞ்சலைக்கு ஒரு கையெழுத்து. நடராசன் சார் அன்றைக்கே எல்லாருக்கும் தகவல் அனுப்பினார்: ‘பொதுக்கூட்டம், டீ இடைவேளைக்குப் பின் தொடர்ச்சி, ஞாயிறு காலை பத்து மணி.’ இடைவேளை தொடங்கி அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஞாயிறன்று கூட்டம் நிறைந்துவிட்டது. முசே மெடல்களைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலைவர் நாற்காலி அவருக்கு எதிரே காலியாக இருந்தது. மெஷின் இன்றைக்குக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லி வரவழைத்திருந்ததால், அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாசலில் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தாள்.

இந்தத் தடவை காதர் பாய் உட்காரவே இல்லை, ஆரம்பத்திலிருந்து நின்றுகொண்டே இருந்தார். “முசே, எங்கள அநாதையா வுட்டுட்டுப் போவாதீங்க” என்றார். அப்படி ஒரு தழுதழுப்பு அவருக்கு எந்த வருஷமும் வந்ததில்லை. முசே தலையை ஆட்டினார். “வேணாம். எனக்கு வயசாயிடுச்சி. இளையவங்க வரட்டும்.” நடராசன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமல் சங்கம் ஏது என்றார். முசே இரண்டாவது முறையும், “வேணவே வேணாம்” என்றார். மூன்றாவது முறைக்காகக் காதர் பாய் மூச்சை இழுத்துக்கொண்டார்.

கடைசி வரிசையிலிருந்து அஞ்சலை எழுந்தாள்.

“அவுருதான் வேணாம் வேணாம்னு கையெடுத்துக் கும்புடாத கொறையா சொல்றாரே. வயசான மனுசன ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? அந்தச் சேர்ல குந்தறதுக்கு ஆளு வேணும், கையெழுத்து போடணும், அவ்ளோதான? நான் குந்தறேன். எம் புருசன் அங்க மூச்சுக்குத் தவிச்சிக்கினு கெடக்குது.”

வசந்தா சிஸ்டர் கை தட்டினார்.

பின்வரிசை முழுவதும் தட்டியது. காதர் பாய் முன்பே நின்றுகொண்டிருந்தார் அல்லவா, அதனால் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நடராசன் சார் கத்தினார், “இவங்க உறுப்பினரே கிடையாது!” எல்லாரும் முசேவைத்தான் பார்த்தார்கள். ஒரு தடவை யாரோ நன்கொடையாளர் பார்வையிட வந்தபோது சங்கம் பெரிதாகத் தெரியட்டும் என்று, இரவல் வாங்குகிற எல்லாரும் உறுப்பினர்கள் என்று விதி எழுதியவர் அவர்தான். அந்த முகத்தில் என்னவெல்லாமோ ஓடியதைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் நாற்காலி அவருக்குத்தான். ஆனால் பொய் சொல்ல அந்த மனுஷருக்கு வராது.

“அலோர்,” என்றார், “வாக்கர் வாங்கியிருக்காங்க. உறுப்பினர்தான்.”

எழுந்து அஞ்சலையிடம் போனார். கால்சட்டைப் பையிலிருந்து சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மூன்று வாரமாக நான் அலமாரி அலமாரியாகத் தேடிய ஸ்டாம்ப் அது. கொடுத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அன்று அங்கே நிஜமாக அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அஞ்சலை நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை எடுத்தாள். நடராசன் சார் குறுக்கே கையை நீட்டினார். தன் வீட்டு விண்ணப்பத்துக்குத் தலைவரே கையெழுத்துப் போடக் கூடாதாம். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி மெல்ல வாசித்தார்: தலைவரின் சொந்தக் குடும்ப விஷயம் என்றால் துணைத் தலைவர் கையெழுத்திடலாம்.

“அப்ப நான் போடலாமா?” என்றார் காதர் பாய்.

“இப்பதான் தலைவர் இருக்காங்களே, தாராளமாப் போடலாம்.”

பாய் மூன்று வாரமாகத் தன் சட்டைப் பையில் இருந்த அதே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். புதிய தலைவர் கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். நானும் கூடவே ஓடினேன். டீ வந்தபோது நாங்கள் அங்கே இல்லை.

அன்று மத்தியானம் தனகோடி வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்கில் குழாயை மாட்டி நான் மெஷினை ஓடவிட்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் சைகையில் கேட்டார். “தலைவராயிட்டு வரேன், நேரம் ஆவாதா?” என்றாள் அஞ்சலை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும் இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டார்.

ஒரு வாரத்தில் அவள் ராஜினாமா செய்துவிடுவாள், முறைப்படி முசேவை அழைத்துவிடலாம் என்று நிர்வாகக் குழு காத்திருந்தது. அவள் தினமும் காலையில் புருஷனைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தாள். எந்த வீட்டில் என்ன நிலைமை என்று போன் போட்டுக் கேட்டாள். ஸ்டாம்பை மேஜைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். முசே ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒன்பது மணிக்கு வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சக்கர நாற்காலிகளை வாசலில் நிறுத்திப் பார்வையிட ஆரம்பித்தார். அவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “இருக்கட்டும் யக்கா, அவுருக்கும் ஒரு டீ சொல்லு” என்றாள்.

தனகோடி ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். காரியம் முடிந்த மறுநாள் காதர் பாயும் நடராசன் சாரும் நானும் நெல்லித்தோப்புக்குப் போனோம். சிறிய வீடு, அவர் படுத்திருந்த கட்டில் இன்னும் மடக்காமல் கிடந்தது. பாய் மெய்யாகவே கண்கலங்கித்தான் பேசினார். “பதவியப் பத்தியெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்கம்மா. நீங்க நிம்மதியா இருங்க. சங்கத்த நாங்க பாத்துக்கிறோம்.”

அஞ்சலை தலைநிமிர்ந்தாள். “நீங்க பாத்துக்கினதத்தான் நான் பாத்தேனே பாய்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “மிஷின தொடச்சி வெச்சிருக்கறேன் யக்கா. போம்போது கையோட எடுத்துக்கினு போ. ஆஸ்பத்திரில எவளாவது ஒருத்தி ஒக்காந்துக்கினு இருப்பா. நான் திங்கக்கெழம வரேன்.”

அன்று சாயங்காலமே அந்த மெஷின் அரியாங்குப்பத்தில் இன்னொரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்துகளைத் திங்கட்கிழமை வாங்கிக்கொண்டேன்.